இரண்டு பரப்புக் காணி, ஒரு கிணறு, மூன்று மலகூடக் குழி – யாழ்ப்பாணம் கொக்குவிலில் வீடு திருத்துறம், ஆலோசனை வேணும்

#1 நெல்லிமரத்தடி

வணக்கம். அம்மம்மாவின்ர வீட்டைத் திருத்தி அடுத்த வருசம் குடிபோகப் போறம். காணி இரண்டு பரப்பு, ஏக்கரில எட்டில ஒண்டு. கிணறு வடகிழக்கு மூலையில. பழைய மலகூடக் குழி வீட்டுக்குப் பின்னால, கிணத்திலயிருந்து 45 அடி. பக்கத்து வளவுக்காரரின்ர குழி மதிலுக்கு அந்தப் பக்கம், 20 அடியும் வராது. பின்வீட்டுக் குழி எங்க எண்டு ஒருத்தருக்கும் சரியாத் தெரியேல்லை.

தண்ணியைப் பரிசோதிக்கக் குடுத்தம். நைத்திரேற்று லீற்றருக்கு 82 மில்லிகிராம். ஈ.கோலை எண்ட மலக்கிருமியும் இருக்காம். பார்வைக்குத் தெளிவான தண்ணி, ருசியும் நல்லம். அம்மம்மா சாகுமட்டும் இதைத்தானே குடிச்சவ எண்டு வீட்டில எல்லாரும் சொல்லீனம். ஆனால் தங்கச்சிக்கு நாலு மாதக் குழந்தை இருக்கு, அவையும் எங்களோடதான் இருக்கப்போகீனம்.

புதுக் குழியை எங்க வெட்டிறது? வடிகட்டி பூட்டினால் காணுமோ? குளிக்கிற, உடுப்புத் தோய்க்கிற தண்ணியை என்ன செய்யலாம்? மேசன் சொல்லுறார், "அஞ்சடியில கல்லு வந்திடும், கல்லை உடைச்சு விட்டால் தண்ணியை அது இழுத்துப்போடும், உங்கட காலத்தில குழி நிரம்பாது" எண்டு. நிரம்பாத குழி நல்லதுதானே?

#2 ரொறன்ரோ_மாமா

பிள்ளை, உதுக்கு ஏன் மண்டையை உடைக்கிறியள்? 150 அடிக்கு ஒரு குழாய்க் கிணறு அடியுங்கோ. மேல் தண்ணிதான் அழுக்கு, கீழ நல்ல தண்ணி கிடக்கும். என்ர மச்சான் வன்னியில அடிச்சவர், அந்த மாதிரித் தண்ணி. காசு பற்றாட்டில் இஞ்ச இருக்கிற சொந்தக்காரரைக் கேளுங்கோ.

#3 சுண்ணக்கல்

மாமா, வன்னிக் கணக்கை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். வன்னியில் பெரும்பகுதி பழைய கடும்பாறை. இங்கே நிற்பது மயோசீன் சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்து வெடிப்பும் குகையும் ஆக்கியிருக்கிறது. நன்னீர் அந்த இடுக்குகளில், கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். இறைத்து இறைத்து மட்டம் 1 மீற்றர் இறங்கினால் உவர் 40 மீற்றர் ஏறத் தயாராகிறது. 150 அடிக் குழாயில் பெரிய மோட்டரைப் பூட்டினால் முதலில் நல்ல தண்ணீர் வரும். பிறகு உவர் வரும், அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் கெடுத்துவிட்டுத்தான் வரும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதைப் பள்ளிச் சுற்றுலாவில் எல்லோரும் கேட்டிருப்போம். அது அதிசயம் இல்லை, குடாநாட்டின் அடி முழுக்க அப்படித்தான்.

இனி நெல்லிமரத்தடியின் கேள்வி. நிரம்பாத குழி நல்ல குழி இல்லை. உள்ளே போனது எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். மணலிலும் செம்மண்ணிலும் கழிவுநீர் மெதுவாக வடிந்து இறங்கும்போது கிருமிகளில் பெரும்பகுதி மண்ணிலேயே சாகும். வெடித்த சுண்ணக்கல்லில் அந்த வடிகட்டல் நடப்பதில்லை, தண்ணீர் நேரே ஓடும். கீரிமலைக் கேணியில் கடலோரத்தில் நன்னீர் ஊறுவதும் நிலத்தடியில் இப்படி வழிகள் இருப்பதால்தான். 50 அடி, 100 அடி என்ற தூரக் கணக்கெல்லாம் மண் இருக்கும் இடத்துக்கு எழுதியவை. கல்லை உடைத்துக் குழி வெட்டினால் 100 அடியும் பாதுகாப்பில்லை.

சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் வந்தது நினைவிருக்கும். அந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபாய் வரை செலுத்தும்படி மின்நிலைய நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்கும் தெரிந்தது, அதனால் வழக்கு வந்தது. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

#4 முன்னாள்_பரிசோதகர்

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவன். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் குழந்தை. குடிநீருக்கான எல்லை, நைத்திரேற்றாகக் கணக்கிட்டால் லீற்றருக்கு 50 மில்லிகிராம். உங்களுடையது 82. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுக்கவே கூடாது. குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறன் குறைந்து, உடல் நீலம் பாரிக்கும்.

கொதிக்க வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். கொதிக்க வைத்தால் ஈ.கோலை சாகும், நைத்திரேற்று சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக அதன் செறிவு கூடத்தான் செய்யும். குளோரின் போட்டாலும் அதே கதை. கடையில் விற்கும் சாதாரண மெழுகுதிரி வடிகட்டி, கரி வடிகட்டி எதுவும் இதை எடுக்காது. எதிர்ச்சவ்வூடு வடிகட்டி (RO) எடுக்கும். ஆனால் அது கழித்து வெளியே விடும் தண்ணீரில் நைத்திரேற்று இன்னும் செறிவாக இருக்கும், அதைத் திரும்பக் கிணற்றடியில் ஊற்றினால் என்ன பயன்? மலகூடத்துக்கு ஊற்றப் பாவியுங்கள்.

தாய்ப்பால் குடிக்கிற குழந்தை என்றால் பயம் மிகக் குறைவு. தங்கச்சியிடம் சொல்லுங்கள்.

#5 கோண்டாவில்_தோட்டம்

இப்ப ஆரும் வந்து "தோட்டக்காரர் யூரியா கொட்டித்தான் கிணறு கெட்டது" எண்டு எழுதப் போறியள், அதுக்கு முதலே எழுதிப்போடுறன்.

ஓம், போடுறம். வெங்காயம், மரவள்ளி, பீற்றூட், புகையிலை எல்லாத்துக்கும் போடுறம். துலா மிதிச்சு இறைச்ச காலத்தில ஆள் களைச்சால் இறைப்பு நிக்கும். மிசின் வந்த பிறகு களைப்பு மிசினுக்கு இல்லை, அளவுக்கு மிஞ்சி இறைக்கிறம். இறைச்ச தண்ணியில பாதி வாய்க்காலோட திரும்பவும் கீழ போகுது, போகேக்க யூரியாவையும் கூட்டிக்கொண்டு போகுது. உண்மைதான். 2021 இல உரத்தைத் தடை செய்து, பிறகு விலையும் ஏறினதில எங்கட பக்கம் பலபேர் அளந்து போடப் பழகீட்டினம்.

ஆனால் கொக்குவில் சந்தியைச் சுத்தி இப்ப எத்தனை தோட்டம் கிடக்கு? எல்லாம் வீடு. அங்க 82 வந்தால் அது வெங்காயத்தின்ர வேலை இல்லை.

#6 சுண்ணக்கல்

கோண்டாவில் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஆள் ஆண்டுக்கு வெளியேற்றும் நைதரசன் ஏறத்தாழ 4 கிலோ. அதில் பெரும்பகுதி சிறுநீரில். ஐந்து பேருள்ள வீட்டுக்கு 20 கிலோ. யூரியாவில் நைதரசன் 46 வீதம், ஆக 20 கிலோ என்பது 43 கிலோ யூரியாவுக்குச் சமம். கிட்டத்தட்ட ஒரு மூட்டை.

இரண்டு பரப்பு என்றால் 506 சதுர மீற்றர். ஆண்டு மழை 1,250 மில்லிமீற்றர் என்று எடுத்து, அதில் 30 வீதம் நிலத்துக்குள் இறங்குகிறது என்று வைத்தால் 190 கன மீற்றர் தண்ணீர். குழிக்குப் போகும் நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறும், ஒரு கிலோ நைதரசன் ஏறத்தாழ 4.4 கிலோ நைத்திரேற்றாகும். இந்த 190 கன மீற்றருக்குள் 20 கிலோ நைதரசன் முழுதும் நைத்திரேற்றாகக் கரைந்தால் லீற்றருக்கு 460 மில்லிகிராமுக்கு மேல் போகும். பாதி வளியாகப் போய்விடுகிறது என்று வையுங்கள், அப்போதும் 230. பக்கத்திலிருந்து ஓடிவரும் தண்ணீர் கலந்து ஐதாக்குவதால்தான் உங்களுக்கு 82 வந்திருக்கிறது.

அதே குடும்பம் ஒரு ஏக்கரில், அதாவது 16 பரப்பில் இருந்திருந்தால்? முழு நைதரசனும் இறங்கினாலும் 58தான். பாதி போனால் 29. அம்மம்மா குடித்த தண்ணீர் கெடாமல் இருந்ததன் காரணம் இங்கே இருக்கிறது. அப்போதும் குழி இப்படித்தான், சுற்றிவர வளவு பெரிது, ஆட்கள் குறைவு. காணி துண்டாகத் துண்டாக ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிணறும் ஒரு குழியும் வந்தது. கொக்குவில், நல்லூர், திருநெல்வேலிப் பக்கத்தில் குழாய்வழிக் கழிவகற்றலும் இல்லை. ஆகவே கீழே இருக்கும் நீர்த்தேக்கமே எங்கள் வடிகாலும் ஆகிவிட்டது.

#7 கோண்டாவில்_தோட்டம்

ஒரு மூட்டையோ! எங்களைப் பேசிறவை தங்கட வளவுக்க வருசம் ஒரு மூட்டையைக் கிணத்துக்க போடுகினம். இதை அச்சடிச்சுச் சந்தியில ஒட்டவேணும்.

#8 அடையாறுவாசி

சென்னையிலேருந்து எழுதறேன், இந்த இழையை ஒரு நண்பர் அனுப்பினார். எங்க ஊர்ல 2003ல மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கினாங்க. கூரைத் தண்ணியை வடிகட்டிக் கிணத்துக்குள்ளயே விட்டவங்களுக்கு ஒண்ணு ரெண்டு மழைக்காலத்திலேயே தண்ணியோட தரம் மாறிச்சு. உங்க கிணத்துக்கும் இதையே செஞ்சா நைத்திரேற்று குறையாதா?

#9 சுண்ணக்கல்

குறையும். கூரைத் தண்ணீரில் நைத்திரேற்று மிகக் குறைவு, கலந்தால் ஐதாகும். ஆனால் இங்கே நிலத்தடி நீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. நீங்கள் விட்ட நல்ல தண்ணீர் வெடிப்பு வழியே அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும். ஊரோடு சேர்ந்து செய்தால் பலன், தனி ஒரு வீடு செய்தால் புண்ணியம். இன்னொன்று, கூரைத் தண்ணீரைப் பழைய மலகூடக் குழிக்குள் விட்டு "சேகரிப்பு" என்று சொல்லும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதைப்போல் ஆபத்து வேறில்லை.

#10 மட்டுவில்_வாணி

குடிக்கிற தண்ணிக்கு நான் சொல்லுறன். எங்கட வீட்டில 10,000 லீற்றர் மழைநீர்த் தாங்கி இருக்கு. நிலத்துக்கு மேல, பெரோ சீமெந்தில (கம்பிவலையில சீமெந்து பூசி) கட்டினது. தென்மராட்சியில எங்கட கிணறு உவர், அதால வேற வழி இல்லாமல் கட்டினம்.

கணக்கு இதுதான். அஞ்சு பேருக்குக் குடிக்க, சமைக்க நாளுக்கு 35 லீற்றர். தை கடைசியில மழை விட்டால் புரட்டாதி வரைக்கும் எட்டு மாதம், 240 நாள். 8,400 லீற்றர் காணும். இடையில சித்திரை மழை கொஞ்சம் வந்தால் இன்னும் சுகம். 1,000 சதுர அடிக் கூரையில வருசத்துக்கு 90,000 லீற்றருக்குக் குறையாமல் விழுது, ஆனபடியால் தண்ணிக்குப் பஞ்சமில்லை, தாங்கிக்குத்தான் காசு.

கூரைப் பீலியைச் சுத்தம் செய்யாமல் சேர்க்கக் கூடாது. ஐப்பசியில முதல் ரெண்டு மழையை விட்டிடுவம், கூரையில காய்ஞ்சு கிடக்கிற காக்கை எச்சம், வேப்பஞ்சருகு எல்லாம் கழுவிக்கொண்டு போகட்டும். பிறகுதான் குழாயைத் தாங்கிக்குத் திருப்பிறது. வெளிச்சம் உள்ள போகாமல் மூடவேணும், இல்லாட்டில் பாசி. காற்றுப் போற குழாய்க்கு நுளம்பு வலை. அஸ்பெஸ்ரஸ் கூரை எண்டால் குடிக்க எடுக்க வேண்டாம், அது தோட்டத்துக்கு.

மாமியார் முதல் வருசம் "ருசியில்லாத தண்ணி" எண்டு குடிக்கமாட்டன் எண்டவ. இப்ப கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி போட்டால் கண்டுபிடிச்சிடுவா.

#11 முன்னாள்_பரிசோதகர்

நுளம்பு வலையை வாணி மறக்காமல் எழுதியது நல்லது. மழைநீர்த் தாங்கி என்று பெயர் வைத்து டெங்கு வளர்த்த வீடுகளுக்கு நான் எழுதிய அறிவித்தல்கள் கொஞ்சநஞ்சமல்ல. மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் நுளம்புக்கு அது வாசல்.

#12 வடமராட்சி_விமல்

எல்லாம் சரி. ஏன் ஒவ்வொரு வீடும் தாங்கி கட்டிக் கஷ்டப்படவேணும்? கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணியை அப்பவே கொண்டுவந்திருந்தால் இந்த இழையே தேவையில்லை. விடாமல் மறிச்சது ஆர்?

#13 பரந்தன்_வயல்காரன்

மறிச்சது நாங்கள்தான், ஓம். சிறுபோகத்துக்கே தண்ணி பற்றாத குளத்திலயிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குழாய் போட்டால் எங்கட வயலுக்கு என்ன மிச்சம்? உங்கட கிணத்தை நீங்களே அழுக்காக்கிப்போட்டு எங்கட குளத்தைக் கேக்கிறது என்ன நியாயம்?

#14 வடமராட்சி_விமல்

பெரும்போக காலத்தில கதவு திறந்து கடலுக்கு விடுற தண்ணியைத்தானே கேட்டது? வயலில நிக்கிற தண்ணியையே கேட்டம்?

#15 பரந்தன்_வயல்காரன்

அந்தக் காலத்தில உங்கட கிணறும் நிறைஞ்சுதானே கிடக்கு. கேட்டது ஆவணியில.

#16 மட்டறுத்துனர்

இரணைமடு விவாதத்துக்குத் தனி இழை உண்டு, அங்கே 40 பக்கம் ஓடியிருக்கிறது. இங்கே வீட்டுக் கிணறும் கழிவுநீரும் மட்டும்.

#17 சுண்ணக்கல்

மட்டறுத்துனர் மன்னிக்க, ஒரு பத்தி மட்டும். இரணைமடு இழுபறிப்பட்டதால்தான் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது. 2024 ஆகஸ்டில் திறந்தார்கள், நாளுக்கு 24,000 கன மீற்றர் என்பது அதன் கொள்ளளவு. குழாய்நீர் வருவதை நான் வரவேற்கிறேன். ஆனால் ஒருவரும் பேசாத பக்கம் ஒன்று இருக்கிறது. குழாயால் வரும் தண்ணீர் பாவித்த பிறகு எங்கே போகும்? அதே குழிக்குள்தான். இதுவரை கிணற்றில் அள்ளியதைக் கிணற்றுக்கே திருப்பினோம், இனி வெளியிலிருந்தும் தண்ணீர் கொண்டுவந்து குழிகளில் ஊற்றப்போகிறோம். வாளியால் ஊற்றியவர்கள் இழுத்துவிடும் தொட்டி பூட்டுவார்கள். தண்ணீர்த் திட்டம் வந்த ஊர்களில் கழிவுநீர்த் திட்டமும் கூடவே வராவிட்டால் நிலத்தடி நீரின் கதி இன்னும் மோசமாகும். 1950களில் பொறியியலாளர் ஆறுமுகம் தொண்டமனாற்றை மறித்து உப்பேரிகளை நன்னீராக்கும் திட்டம் போட்ட காலத்தில் கேள்வி, தண்ணீரை எப்படித் தேக்குவது என்பது. இன்றைய கேள்வி, தேங்கியதை எப்படிக் கெடுக்காமல் வைப்பது என்பது.

நிறுத்திவிட்டேன்.

#18 மேசன்_கரவெட்டி

தங்கச்சி, உங்கட மேசன் சொன்னமாதிரிச் செய்ய வேண்டாம். நானும் மேசன்தான், வெளிப்படையாச் சொல்லுறன்: அடி திறந்த குழி கட்டிறது எங்களுக்குச் சுகம், சாமானும் குறைவு, முறைப்பாடும் வராது. அதுதான் எல்லாரும் அதைச் சொல்லுறம்.

நீங்கள் கட்டவேண்டியது அடி மூடின தொட்டி. அஞ்சாறு பேருக்கு உள்ளளவு மூண்டு கன மீற்றர் எண்டால் தாராளம். இரண்டு அறை, முதலறை பெரிசு, மூண்டில ரெண்டு பங்கு. அடிக்குக் கம்பி கட்டிக் கொங்கிறீட். சுவர் உள்ளுக்கு ரெண்டு தரம் பூச்சு, தண்ணி ஊறாத மருந்து கலந்து. உள்ள வாற குழாய்க்கும் வெளிய போற குழாய்க்கும் "ரீ" (T வடிவக் குழாய்த்துண்டு) பூட்டவேணும், மிதக்கிற ஆடை வெளிய போகாமல் இருக்க. மண் மூடமுதல் தொட்டியை நிரப்பி மட்டத்தில கோடு கீறி ஒரு நாள் விடுங்கோ. கோடு இறங்கினால் மேசனுக்கு மிச்சக் காசைக் குடுக்காதேங்கோ.

தொட்டியை ஒழுங்கைப் பக்கமா வையுங்கோ. கலி பவுசரின்ர (மலக்கழிவு உறிஞ்சிற வண்டி) குழாய் எட்டவேணும். வீட்டுக்குப் பின்னால கட்டிப்போட்டுப் பிறகு மதிலை இடிச்ச ஆக்களைப் பாத்திருக்கிறன். மூடியை மண்ணுக்கடியில புதைக்கவும் வேண்டாம், மேல ரைல்ஸ் ஒட்டவும் வேண்டாம்.

#19 முன்னாள்_பரிசோதகர்

மூன்று தொடக்கம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சேற்றை எடுக்க வேண்டும். மூடின தொட்டி நிரம்பும், நிரம்ப வேண்டும். எடுப்பதற்கு ஆளை உள்ளே இறக்கவே கூடாது. அந்த வாயுவில் இறங்கியவர் மயங்கி, தூக்கப் போனவரும் மயங்கி இரண்டு சாவு விழுவது வழமை. பவுசரை அழையுங்கள், பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ பதிந்தால் வரும். தனியார் பவுசர் என்றால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று கேளுங்கள். உங்கள் தொட்டியிலிருந்து எடுத்ததை அடுத்த ஊர்த் தரவையில் கொட்டினால் சுற்றுச்சூழலுக்கு நீங்கள் எதுவும் செய்யவில்லை.

#20 நெல்லிமரத்தடி

எல்லாருக்கும் நன்றி. தொட்டி விளங்குது. ஆனால் தொட்டியிலயிருந்து வெளிய வாற தண்ணி? அது சுத்தமோ? நான் வாசிச்ச ஒரு இடத்தில வாழைப் படுகை எண்டு ஒண்டு இருந்தது. அடியும் பக்கமும் சீமெந்தால மூடின பள்ளத்தில கல்லு, சல்லி, மண் போட்டு மேல வாழை நட்டால், மலகூடத் தண்ணி முழுக்க வாழை குடிச்சு ஆவியாப் போயிடுமாம். ஆளுக்கு ரெண்டு சதுர மீற்றர் காணுமாம்.

#21 சுண்ணக்கல்

தொட்டியில் இருந்து வருவது சுத்தமில்லை. திண்மம் படிந்திருக்கும், கிருமி இருக்கும், நைதரசன் கிட்டத்தட்ட முழுதாக இருக்கும். அடுத்து மேல்நோக்கிப் பாயும் சல்லி வடிகட்டி ஒன்று வைத்தால் கலங்கல் இன்னும் குறையும். ஆனால் காற்றில்லாத வடிகட்டி நைதரசனை எடுக்காது. அதை எடுக்க வேர் வேண்டும். ஆகவே வாழைப் படுகை நல்ல யோசனை, அளவைத்தான் நம்ப வேண்டாம்.

பாருங்கள்: ஐந்து பேர், ஆளுக்கு 30 லீற்றர் மலகூடத்துக்கு ஊற்றினால் நாளுக்கு 150 லீற்றர். 10 சதுர மீற்றர் படுகையில் அது நாளுக்கு 15 மில்லிமீற்றர். யாழ்ப்பாண வெயிலில் பயிர் குடிப்பதும் ஆவியாவதும் சேர்ந்து நாளுக்கு 5, 6 மில்லிமீற்றர். வாழை கொஞ்சம் கூடக் குடிக்கும் என்று வைத்தாலும் 15 போகாது. படுகை பொங்கும். வாளியால் ஆளுக்கு 10 லீற்றர் ஊற்றினால் 50 லீற்றர், 5 மில்லிமீற்றர், அப்போது 10 சதுர மீற்றர் சரிவரும். கொமட் பூட்டுவதானால் பெரியதுக்கும் சின்னதுக்கும் தனித்தனிப் பொத்தான் உள்ள தொட்டியைப் பூட்டி, படுகையை 15 முதல் 20 சதுர மீற்றராக்குங்கள்.

கார்த்திகை தனிக் கதை. நவம்பரில் மட்டும் 400 மில்லிமீற்றரை ஒட்டி மழை பெய்யும். 10 சதுர மீற்றரில் அது 4,000 லீற்றர், அந்த மாதம் வெயிலும் இல்லை. மண்ணைக் குவித்து மேடாக்கி, மழை வழிந்து வெளியே ஓடும்படி விடுங்கள். மிஞ்சுவதற்கு ஒரு வழிவாய்க்கால் வேண்டும். அது கிணற்றுக்கு எதிர்மூலையில், தென்னைகளுக்கு நடுவே, ஒன்றரை அடிக்கு மேல் ஆழமில்லாத சல்லிச் சாலாக இருக்கட்டும். வேர் இருக்கும் மண்ணுக்குள்தான் விட வேண்டும், கல்லுக்குள் விடக்கூடாது.

#22 கோண்டாவில்_தோட்டம்

படுகையில கதலியும் இதரையும் வையுங்கோ, கப்பல் வேண்டாம். குட்டியை மிஞ்ச விடாமல் வெட்டுங்கோ. வெட்டின தண்டை அதிலயே போட்டால் எடுத்த உரம் திரும்ப அங்கேயே நிக்கும், வெளிய எடுங்கோ, மாடு தின்னும். பழம் சாப்பிடலாம், நிலத்தில விழுந்ததைத் தொட வேண்டாம். கீரை, வெங்காயம், வல்லாரை எதுவும் அந்த மண்ணில வைக்கக் கூடாது.

குளிக்கிற தண்ணிக்கு ஏன் யோசிக்கிறியள்? கிணத்தடியில குளிச்ச தண்ணி வாய்க்காலோட வாழைக்கும் கமுகுக்கும் போனதுதானே எங்கட ஊர் வழக்கம். குளியலறையை வீட்டுக்குள்ள கொண்டுவந்து, ரெண்டு குழாயையும் ஒண்டாக்கிக் குழிக்க விட்டபிறகுதான் வாழை வாடினது.

#23 மட்டுவில்_வாணி

அதேதான். வீடு திருத்தேக்கயே மலகூடக் குழாய் வேற, குளியலறைக் குழாய் வேற எண்டு பிரிச்சுப் போடச் சொல்லுங்கோ. பிறகு தரையை உடைச்சுப் பிரிக்கிறது பெரிய கரைச்சல். எங்கட வீட்டில குளிக்கிற, தோய்க்கிற தண்ணி நாளுக்கு 400 லீற்றர் வரும். நாலு வாய், நாலு பாத்தி. ஒவ்வொரு நாளும் ஒரு வாயைத் திறக்கிறது. ஒரே இடத்தில விட்டால் சேறாகி மணக்கும். தொட்டியில சேர்த்தும் வைக்கக் கூடாது, அடுத்த நாளே நாறும், அண்டைக்கண்டைக்கு விட்டிட வேணும். குசினித் தண்ணிக்குத் தனியா ஒரு சின்னக் கொழுப்புப் பொறி. அதைக் கிழமைக்கொருக்காக் கழுவ ஆர் வாறது எண்டு வீட்டில முதலே பேசி முடிவெடுங்கோ, இல்லாட்டில் உங்கட தலையிலதான்.

வெளிறவைக்கிற மருந்து போட்டுத் தோய்ச்ச தண்ணியை மட்டும் வாழைக்கு விடாதேங்கோ.

#24 ரொறன்ரோ_மாமா

இவ்வளவும் செய்தாலும் பக்கத்து வீட்டுக் குழி 20 அடியில கிடக்கே? அதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.

#25 சுண்ணக்கல்

மாமா பிடித்தது சரியான இடம். நெல்லிமரத்தடி தன் நைதரசனை முழுக்க வாழைக்குக் கொடுத்தாலும் 82 உடனே 40 ஆகப்போவதில்லை. அதனால்தான் குடிக்க மழைநீர், குளிக்கவும் தோய்க்கவும் கிணற்று நீர் என்று இப்போதைக்குப் பிரிக்கச் சொல்கிறோம். கிணறு திருந்த வேண்டுமென்றால் ஒழுங்கை திருந்த வேண்டும். மூன்று நான்கு வீட்டுக்குப் பொதுவாக ஒரு மூடிய தொட்டியும் ஒரு பெரிய வேர்ப் படுகையும் கட்டினால் தனித்தனியாகக் கட்டுவதைவிடச் செலவு குறைவு, இடமும் மிச்சம். தொழில்நுட்பம் சின்ன விசயம். யாருடைய காணியில் கட்டுவது என்பதில்தான் எல்லாம் முடங்கும்.

#26 இணுவில்_ஆசிரியை

எங்கள் பக்கத்தில் சனசமூக நிலையத்தில் ஒரு கூட்டம் வைத்து, விரும்பியவர்களின் கிணற்றுத் தண்ணீரை ஒரே நாளில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். முடிவை வீட்டு இலக்கம் போடாமல் ஒரு வரைபடத்தில் நிறமாகக் குறித்து ஒட்டினோம். ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. "உங்கட குழியால்தான் என்ர கிணறு கெட்டது" என்று தொடங்கினால் அது எல்லைச் சண்டையாகி வழக்குக்குப் போகும், யாழ்ப்பாணத்தாருக்கு அது புதிதில்லை. சிவப்புப் புள்ளிகள் நெருக்கமாகத் தெரிந்தபோது ஆட்கள் தாங்களாகவே கேட்கத் தொடங்கினார்கள். இதுவரை இரண்டு வீட்டார் தொட்டியை மாற்றியிருக்கிறார்கள். மற்றவர்கள் யோசிக்கிறார்கள். யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றும் சொல்லலாம்.

#27 முன்னாள்_பரிசோதகர்

மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை எடுங்கள். முதல் பெருமழையோடு மேலே தேங்கியிருந்ததெல்லாம் கழுவிக்கொண்டு இறங்கும், அப்போது எண் ஏறும். ஒரே ஒரு முடிவை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதிப்படவும் வேண்டாம்.

#28 நெல்லிமரத்தடி

பக்கத்து வீட்டு ஐயாவோட கதைச்சம். "என்ர குழி நாப்பது வருசமா நிரம்பேல்லை, அதில என்ன பிழை" எண்டுதான் அவரும் முதல் கேட்டவர். ஒரு மூட்டை யூரியாக் கணக்கைச் சொன்னன். அவர் முந்தித் தோட்டம் செய்தவர், டக்கெண்டு விளங்கீட்டுது. தன்ர கிணத்துத் தண்ணியையும் குடுத்துப் பாக்கச் சொல்லி ஒரு போத்தல் தந்திருக்கிறார். பொதுத் தொட்டிக்கு இப்ப சம்மதமில்லை, மகன் பிரான்சிலயிருந்து வந்தபிறகு கதைப்பமாம்.

சிறுநீரைத் தனியப் பிரிச்சு, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணி கலந்து தென்னைக்கு விடலாம் எண்டும் வாசிச்சன். அம்மாட்டச் சொன்னன். அவ வீட்டுக்கு வரமாட்டன் எண்டிட்டா. அதை விட்டாச்சு.

முடிவு: 10,000 லீற்றர்த் தாங்கி, மூடின தொட்டி ஒழுங்கைப் பக்கம், ரெண்டு குழாய், 16 சதுர மீற்றர் படுகை. பழைய குழியை என்ன செய்யிறது?

#29 மேசன்_கரவெட்டி

பவுசரால முழுக்க இழுத்துப்போட்டு, சுண்ணாம்பு தூவி, பிறகு செம்மண் போட்டு இறுக்கி நிரப்புங்கோ. கட்டட இடிபாட்டைப் போட்டு நிரப்பாதேங்கோ, இடுக்கால தண்ணி இறங்கும். மேல மழைத்தண்ணி நிக்காமல் கொஞ்சம் மேடா விடுங்கோ. கூரைப் பீலித் தண்ணி அந்தப் பக்கம் வரவே கூடாது.

தொட்டி வேலையை ஆவணிக்குள்ள முடியுங்கோ. ஐப்பசியில பள்ளம் வெட்டினால் தண்ணி இறைக்கிற கூலியே வீடு கட்டுற கூலியாப் போயிடும்.

#30 நெல்லிமரத்தடி

சரி அண்ணை. "ரீ" எத்தனை அங்குலம் எண்டு சொல்லேல்லை.

#31 மேசன்_கரவெட்டி

நாலு. கீழ்க்கால் தண்ணிக்குள்ள ஒன்றரை அடி இறங்கவேணும்.